ஆக்சிலரேட்டர் கேபிள் உருகுதுன்னா பேட்டரிய மாத்தாதீங்க, எர்த்த பாருங்க

பெங்களூர் அல்சூர்லேர்ந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்கார். அப்பா வாங்கின 2002 மாடல் மாருதி ஜென், பெட்ரோல், பதினஞ்சு வருஷம் முடிஞ்சு மறுபடி ரிஜிஸ்டர் பண்ணி வச்சிருக்காங்க. மாசத்துக்கு ஒரு தடவ பாட்டிய பாக்க ஓசூர், கிருஷ்ணகிரி வழியா திருப்பத்தூர் போற வண்டி. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கிளட்ச் பிளேட் மாத்தினாங்களாம், அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே தொல்லை ஆரம்பிச்சிருக்கு. சில நாள் காலைல சாவி திருப்பினா "டக்"னு ஒரு சத்தம், செல்ஃப் எடுக்கல, இன்னொரு தடவ திருப்பினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. ராத்திரி ஹெட்லைட் போட்டா வெளிச்சம் மங்கலா இருக்கு, இண்டிகேட்டர் போட்டா மீட்டர் லைட்டும் அதோட சேந்து மினுக்குது, டெம்பரேச்சர் முள்ளு மேல ஏறுது, லைட்ட ஆஃப் பண்ணா இறங்கிடுது. எப்பவாவது சிக்னல்ல நிக்கும்போது இன்ஜின் தானா ஆஃப் ஆகுது, கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்துக்குது. மழை நாள்ல இதெல்லாம் ஜாஸ்தி. இதுவரைக்கும் ரெண்டு பேட்டரி, ஒரு டைனமோ மாத்தியாச்சு, இப்போ ஒரு கராஜ்ல ஈசியூ (இன்ஜின நடத்தற கம்ப்யூட்டர் பெட்டி) போயிடுச்சுங்கறாங்க, இன்னொருத்தர் மொத்த ஒயரிங்கும் மாத்தணும்ங்கறார், மூணாவது ஆள் வித்துடுங்கன்னு சொல்லிட்டாராம். கடைசில போற போக்குல ஒரு வரி: "ஆக்சிலரேட்டர் கேபிளும் ரெண்டு தடவ டைட் ஆகி மாத்தினேன், உள்ள பிளாஸ்டிக் உருகின மாதிரி இருந்துச்சு, டூப்ளிகேட் கேபிள்னு மெக்கானிக் சொன்னார்." அடுத்த வாரம் திருப்பத்தூர் போகணும், போலாமா, இந்த வண்டிய வச்சுக்கலாமா, இதான் கேள்வி.

தம்பி, நீங்க கடைசில போற போக்குல எழுதின அந்த வரிய நான் முதல்ல எடுத்துக்கறேன். ஆக்சிலரேட்டர் கேபிள் உள்ள உருகறதுங்கறது கேபிள் கம்பெனி பிரச்சனை இல்ல, டூப்ளிகேட் கேபிள் அறுந்து போகும், சீக்கிரம் தேயும், ஆனா உருக அதுக்கு சூடு வேணும்ல? சைலன்சர் மேனிஃபோல்டுல ஒட்டி போட்டிருந்தா ஒரு இடத்துல மட்டும் வெளிப்பக்கம் கருகியிருக்கும். உங்களது உள்பக்கமா, நீளத்துக்கும் உருகியிருக்குன்னா அந்த கேபிள் வழியா கரண்ட் போயிருக்கு, அது கரண்ட் போறதுக்காக போட்ட ஒயரே இல்ல.

எப்படி போகுதுன்னு சொல்றேன், இது புரிஞ்சா மத்த எல்லாமே புரிஞ்சிடும். கார்ல பிளஸ்ஸுக்கு மட்டும்தான் ஒயர் ஒயரா இழுத்திருப்பாங்க, மைனஸ் திரும்பி வர்றது பாடி தகரம் வழியா. ஆனா இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்டிங் மேல உக்காந்திருக்கு, ரப்பர்ல கரண்ட் போகாது, அதனால இன்ஜினையும் பாடியையும் பேட்டரி நெகட்டிவையும் சேக்கறதுக்குன்னு தனியா தடிமனா ஒரு எர்த் ஒயரோ பின்னல் ஸ்ட்ராப்போ போட்டிருப்பாங்க. செல்ஃப் மோட்டார் எர்த் எடுக்கறது இன்ஜின்லேர்ந்து, டைனமோவும் அப்படித்தான். அந்த ஸ்ட்ராப் விட்டுப் போச்சுன்னா கரண்ட் சும்மா நிக்காது, பாடியிலேர்ந்து இன்ஜினுக்கு வேற எந்த இரும்பு போகுதோ அத புடிச்சுக்கும். பெடல்லேர்ந்து இன்ஜினுக்கு போற ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், இதுதான் அதுக்கு கிடைக்கற வழி. செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல ஓடும், அவ்வளவும் ஒரு மெல்லிசு கம்பில போனா சூடாகாம என்ன பண்ணும், உள்ள இருக்கற பிளாஸ்டிக் லைனர் உருகி கம்பிய கவ்விக்கும். நீங்க பெடல் டைட்னு சொன்னது அதான்.

உங்க கடிதத்துல இன்னொரு தேதி இருக்கு, அத எந்த மெக்கானிக்கும் உங்ககிட்ட கேக்கலன்னு நினைக்கறேன். கிளட்ச் பிளேட் மாத்தினது. கிளட்ச் வேலைக்கு கியர்பாக்ஸ இறக்கணும், கியர்பாக்ஸ் இறக்கும்போது அதுல போல்ட் பண்ணியிருக்கற எர்த் ஒயர கழட்டித்தான் ஆகணும். திரும்ப ஏத்தும்போது எண்ணெயும் மண்ணுமா இருக்கற இடத்துல அப்படியே வச்சு முடுக்கிடறது, இல்ல போல்ட் கிடைக்காம வேற சின்ன போல்ட் போடறது, இல்ல ஒரேயடியா மறந்துடறது, இது மூணுமே நான் கடைல அடிக்கடி பாக்கற விஷயம். வண்டி அன்னைக்கு ஸ்டார்ட் ஆகும், அதனால யாருக்கும் சந்தேகம் வராது.

இப்ப உங்க அறிகுறிகள ஒவ்வொண்ணா இதோட பொருத்தி பாருங்க. "டக்"னு மட்டும் சத்தம் வர்றது செல்ஃப் சோலனாய்டு (மோட்டாருக்கு கரண்ட் விடற காந்த சுவிட்ச்) இழுக்குது ஆனா மோட்டார் சுத்தற அளவுக்கு கரண்ட் திரும்பி போக வழியில்ல. இன்னொரு தடவ திருப்பும்போது இன்ஜின் லேசா அசைஞ்சு ஸ்ட்ராப் எங்கயோ ஒட்டிக்குது, எடுத்துக்குது. ஹெட்லைட் போட்டா டெம்பரேச்சர் முள்ளு ஏறுதுன்னீங்களே, அது இன்ஜின் சூடாகறதால இல்ல. சூட்ட அளக்கற சென்சார் இன்ஜின்ல எர்த் எடுக்குது, லைட்டோ பாடில எடுக்குது. லைட் போட்டதும் டைனமோ அதிகமா வேலை செய்யணும், அந்த கரண்ட் பாடிலேர்ந்து இன்ஜினுக்கு திரும்பற வழி மோசமா இருக்கறதால ரெண்டுக்கும் நடுவுல அரை வோல்ட் ஒரு வோல்ட்னு வித்தியாசம் வந்துடுது, முள்ளு அந்த வித்தியாசத்த சூடுன்னு நினைச்சு மேல காட்டுது. ஆஃப் பண்ணதும் இறங்கறது அதனாலதான். இண்டிகேட்டர் தாளத்துக்கு மீட்டர் லைட் மினுக்கறதும் இதே கதை.

பேட்டரி ரெண்டு போனதுக்கும் இதே காரணம் போதும். டைனமோ 14 வோல்ட் குடுக்குது, ஆனா அது இன்ஜின் இரும்புலேர்ந்து கணக்கு பண்ணி குடுக்கற 14. நடுவுல ஒரு வோல்ட் தொலைஞ்சா பேட்டரிக்கு கிடைக்கறது 13தான், அந்த 13ல லெட் ஆசிட் பேட்டரி முழுசா சார்ஜே ஆகாது, எப்பவும் அரைகுறையா கிடந்து தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு சீக்கிரமே செத்துடும். மெக்கானிக் டைனமோ மேலயே மல்டிமீட்டர வச்சு பாத்து 14 இருக்குன்னா டைனமோ நல்லது, பேட்டரி கெட்டதும்பார். பேட்டரில வச்சு பாத்து 13 இருக்குன்னா டைனமோ கெட்டதும்பார். ரெண்டு இடத்துலயும் வச்சு பாத்து அந்த ஒரு வோல்ட் எங்க போச்சுன்னு கேக்கணும், அத கேட்டிருந்தா உங்களுக்கு அந்த செலவே வந்திருக்காது. எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம் இருக்கு, ஏன்னா இது கஷ்டமான வேலையே இல்ல.

"ஆனா அண்ணே, எர்த்தெல்லாம் செக் பண்ணிட்டாங்க, மீட்டர்ல பீப் சத்தம் வந்துச்சு"ன்னும் எழுதியிருக்கீங்க. இந்த பீப் சத்தத்த நம்பித்தான் பாதி பேர் ஏமாறுறாங்க. பத்து இருபது இழையா பின்னின ஸ்ட்ராப்புல ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும், ஏன்னா மீட்டர் அதுல விடற கரண்ட் அவ்வளவு குறைவு. மீட்டர ஓம்ஸ்ல, அதாவது ரெசிஸ்டன்ஸ் அளக்கற இடத்துல வச்சாலும் சாதாரண மீட்டரோட ஒயரே 0.2, 0.3 ஓம் காட்டும், நமக்கு வேண்டிய பழுது அதுக்குள்ள மறைஞ்சு போயிடும். கணக்கு பாருங்க: ஜாயிண்ட்டுல வெறும் 0.02 ஓம் இருக்குன்னு வைங்க, 100 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கயே போயிடும், ஏற்கனவே செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி பத்து பத்தரைக்கு இறங்கியிருக்கும், அதுலேர்ந்து இன்னொரு ரெண்டு போனா செல்ஃபுக்கு என்ன மிச்சம்? அதனால கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் வழில தொலையுதுன்னு பாக்கணும். வோல்டேஜ் டிராப்னு சொல்லுவோம். இத நீங்களே வீட்டு வாசல்ல பண்ணலாம், எஸ்.பி. ரோட்டுல கிடைக்கற சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும்.

பண்ற விதம் இது. கைல மோதிரம், பிரேஸ்லெட் இருந்தா கழட்டிடுங்க. கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டுக்கங்க, வீட்ல ஒருத்தர சாவி திருப்ப உக்கார வைங்க. மீட்டர டிசி 20 வோல்ட்ல வைங்க. கருப்பு முனைய பேட்டரி நெகட்டிவோட ஈயக் கம்பத்து நடுவுல குத்துங்க, மேல மாட்டியிருக்கற கிளாம்ப்புல இல்ல, ஈயத்துலயே. சிவப்பு முனைய இன்ஜின்ல துரு பெயிண்ட் இல்லாத ஒரு இடத்துல அழுத்தி புடிங்க. இப்ப செல்ஃப் அடிக்க சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்கு கீழ இருந்தா எர்த் நல்லா இருக்கு. அரை வோல்ட் தாண்டினா அங்கதான் பழுது, உங்க வண்டில ஒரு வோல்ட்டுக்கு மேலயே வரும்னு நினைக்கறேன். வந்தா அடுத்து சிவப்ப மட்டும் நகத்துங்க: முதல்ல பேட்டரி கிளாம்ப் மேல, அப்புறம் அந்த கேபிள் பாடில சேர்ற போல்ட்ல, அப்புறம் அந்த போல்ட்டுக்கு பக்கத்துல பாடி தகரத்துல, அப்புறம் கியர்பாக்ஸ் போல்ட்ல. எந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல ரீடிங் திடீர்னு தாவுதோ அந்த ரெண்டுக்கு நடுவுலதான் உங்க வியாதி. சில வண்டில நெகட்டிவ் கேபிள் நேரா கியர்பாக்ஸுக்கு போய், பாடிக்கு ஒரு மெல்லிசு ஒயர் மட்டும் இருக்கும், சில வண்டில பாடிக்கு வந்து அங்கேர்ந்து இன்ஜினுக்கு ஸ்ட்ராப் போகும், பல கை மாறின பழைய வண்டில யார் எப்படி மாத்தி வச்சிருப்பாங்கன்னே சொல்ல முடியாது, அதனால கண்ணால அந்த கேபிள புடிச்சுகிட்டே போய் பாத்துடுங்க. ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, நடுவுல கொஞ்சம் ஆற விடுங்க.

ரெண்டாவது அளவு இன்ஜின் ஓடும்போது. ஹெட்லைட், ப்ளோயர் ரெண்டையும் முழுசா போட்டுட்டு ஒரு முனைய இன்ஜின்லயும் இன்னொரு முனைய பாடிலயும் வைங்க. ஒரு 0.1 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். உங்களுக்கு அந்த முள்ளு ஏறுற அளவுக்கு இருந்தா இங்க நல்லாவே தெரியும். அப்படியே மீட்டர பேட்டரி ரெண்டு முனைல வச்சு பாருங்க, 13.8லேர்ந்து 14.4க்குள்ள இருந்தா சார்ஜிங் சரி.

மீட்டர் கைல இல்லயா, இன்னும் சுலபமான ஒரு வழி இருக்கு. பக்கத்து வீட்ல ஜம்பர் கேபிள் இருந்தா வாங்குங்க. கருப்பு கேபிளோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனைய இன்ஜின்ல ஒரு நல்ல இரும்பு பாகத்துல கவ்வ விடுங்க, ஃபேன் பெல்ட் பக்கத்துல வராம பாத்துக்கங்க. இன்ஜினுக்கு ஒரு தற்காலிக எர்த் குடுத்தாச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க. செல்ஃப் துள்ளி எடுத்து, ஹெட்லைட் பளிச்னு ஆகி, முள்ளும் அசையாம நின்னா பழுது எதுன்னு நிரூபணம் ஆயிடுச்சு. ஈசியூ சொன்னவர கூப்பிட்டு காட்டுங்க, சண்டைக்கு இல்ல, அடுத்த வண்டிக்கு அவருக்கும் உதவும்.

மழைல ஜாஸ்தின்னீங்க. ஸ்ட்ராப்ப கழட்டி பாத்தா தெரியும், லக்கு (ஒயர் முனைல போல்ட் மாட்டற வளையம்) கிட்ட இழைக்கு நடுவுல பச்சையா களிம்பு படிஞ்சிருக்கும், மேல இன்சுலேஷன் முழுசா இருக்கறதால வெளிய பாக்க நல்லா இருக்கற மாதிரிதான் தெரியும், கையால வளைச்சு பாத்தா உள்ள மொறமொறன்னு உடையும். காஞ்சிருக்கும்போது எப்படியோ கொஞ்சம் ஒட்டிட்டிருக்கும், ஈரம் உள்ள போனா களிம்பு வளந்துகிட்டே போகும். சூட்டுல விரியும், இன்ஜின் ஆட்டத்துல நகரும், அதனாலதான் ஒரு நாள் வருது ஒரு நாள் வரல. விட்டு விட்டு வர்ற பழுதுக்கு எப்பவும் ஒரு நிபந்தனை இருக்கும்: சூடு, ஈரம், ஆட்டம், லோடு, இந்த நாலுல ஒண்ணு. கராஜ்ல கொண்டு போய் விட்டா வராதுன்னு சொல்றாங்களே, அங்க வண்டி ஆறிப்போய், ஆடாம, லைட் போடாம நிக்குது, எப்படி வரும். எப்ப வந்துச்சு, வண்டி சூடா இருந்துச்சா, மழையா, ஹம்ப் ஏறினதா, என்னென்ன ஆன்ல இருந்துச்சுன்னு போன்ல குறிச்சு வச்சு மெக்கானிக்குட்ட காட்டுங்க, அதுவே பாதி வேலை.

சரி பண்றது பெரிய விஷயமே இல்ல. ஜே.சி. ரோட்டுல ரெடிமேட் எர்த் கேபிள் கிடைக்கும், இல்லன்னா பேட்டரி கடைல அளவு சொல்லி தடிமனான செம்பு கேபிள்ல லக்கு அடிச்சு வாங்கிக்கங்க, சில நூறு ரூபாய்ல முடியும். லக்க கட்டிங் பிளேயர்ல நசுக்கி குடுத்தா வாங்காதீங்க, கிரிம்ப்பிங் டூல்ல அழுத்தினதா இருக்கணும். பேட்டரிய கழட்டும்போது சாவி ஆஃப், நெகட்டிவ முதல்ல எடுங்க, மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. போல்ட் உக்கார்ற இடத்துல பாடிலயும் கியர்பாக்ஸ்லயும் உப்புத்தாள் போட்டு பெயிண்ட், துரு எல்லாம் போய் இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ங்க, ஸ்டார் வாஷர் வச்சு நல்லா முடுக்கிட்டு, அதுக்கப்புறம் மேல வேசலினோ கிரீஸோ பூசுங்க. பூசிட்டு முடுக்கக்கூடாது, முடுக்கிட்டு பூசணும். பேட்டரி கிளாம்ப்பையும் கழட்டி உள்பக்கம் சுத்தம் பண்ணி, கையால திருகினா ஒரு துளி கூட நகராத அளவுக்கு முடுக்குங்க. எங்க கடைல இந்த மாதிரி வண்டி வந்தா பழைய எர்த் நல்லா இருந்தாலும் இன்ஜினுக்கும் பாடிக்கும் கூடுதலா ஒரு ஸ்ட்ராப் போட்டே அனுப்புவேன், இருபது வருஷம் ஓடின வண்டிக்கு அது அவசியம்னு நம்பறேன். அதோட ஆக்சிலரேட்டர் கேபிள் இன்னொரு தடவ மாத்துங்க, கிளட்ச் கேபிளையும் கழட்டி பாருங்க, சூடு பட்ட கேபிள நம்ப முடியாது. வரிசை முக்கியம்: எர்த் முதல்ல, கேபிள் அப்புறம். இல்லன்னா மூணாவது கேபிளும் உருகும்.

இன்ஜின் சிக்னல்ல ஆஃப் ஆகறது மட்டும் இதோட சேந்ததுதான்னு இப்பவே முடிவு கட்ட மாட்டேன். எர்த் சரியில்லன்னா ஈசியூவுக்கு சென்சார் வோல்டேஜெல்லாம் தப்பு தப்பா போகும், அதனாலயும் ஆஃப் ஆகலாம், ஆனா தனியா ஒரு பழுதும் இருக்கலாம். எர்த் போட்ட பிறகும் வந்தா, ஆஃப் ஆன அந்த நிமிஷம் பதறாம ஸ்டீரிங்குக்கு முன்னாடி இருக்கற மீட்டர் கன்சோல பாருங்க. எல்லா லைட்டும் அணைஞ்சு மொத்தமா செத்துப் போச்சுன்னா பழுது மெயின் சப்ளைல: பேட்டரி பிளஸ் டெர்மினல், மெயின் பியூஸ், சாவி போடற இக்னிஷன் சுவிட்ச். அந்த சமயத்துல சாவிய லேசா ஆட்டி பாருங்க, உயிர் வந்து வந்து போனா சுவிட்ச் உள்ள காண்டாக்ட் தேஞ்சிருக்கு, சாவிக்கொத்துல வீட்டு சாவி, பீரோ சாவி எல்லாம் தொங்கினா முதல்ல அத கழட்டுங்க. மாறா, கன்சோல்ல லைட்டெல்லாம் எரியுது, இன்ஜின் மட்டும் ஆஃப்னா சப்ளை வருதுன்னு அர்த்தம், அப்போ சாவிய ஆஃப் பண்ணி மறுபடி ஆன்ல வச்சு காது குடுத்து கேளுங்க, பின் சீட் பக்கம் பெட்ரோல் பம்ப் ரெண்டு மூணு செகண்ட் "உய்ய்"னு ஓடி நிக்கணும். சத்தம் வரலன்னா பம்ப் ரிலே (பம்புக்கு கரண்ட் விடற சுவிட்ச்), அதோட கப்ளர் (ஒயர் மாட்டற பிளக்), பம்ப், இந்த பக்கம் போகணும். சத்தம் வருது, சூட்டுல மட்டும் ஆஃப் ஆகுது, ஆறினா எடுக்குதுன்னா சென்சார், இக்னிஷன் காயில் பக்கம் பாக்கணும். இந்த ஒரு தகவலோட போனாலே மெக்கானிக்குக்கு பாதி நாள் மிச்சம்.

மொத்த ஒயரிங் மாத்தறத பத்தி: வேண்டாம். கம்பெனில மெஷின்ல அடிச்ச கிரிம்ப்பும் கப்ளரும் எரியாம, எலி கடிக்காம இருந்தா இன்னும் பல வருஷம் வரும். கைல புதுசா கட்டற ஒயரிங்ல நூத்துக்கணக்கான ஜாயிண்ட் புதுசா வரும், அதுல எது எப்ப விடும்னு யாருக்கும் தெரியாது. உங்க வண்டில சந்தேகப்பட வேண்டியது கம்பெனி ஒயரிங்க விட பின்னாடி சேத்ததத்தான். ஸ்டீரியோ, சென்ட்ரல் லாக், ஃபாக் லேம்ப், டபுள் ஹாரன், சீட் கவர் கடைல போட்டதெல்லாம் எங்கேர்ந்து லைன் எடுத்திருக்காங்கன்னு பாருங்க, ஒயர சீவி முறுக்கி டேப் சுத்தினது இருந்தா அத ஒழுங்கா மாத்துங்க. 60/55 பல்புக்கு பதிலா 100/90 பல்ப் யாராவது போட்டிருந்தா அதையும் கழட்டிடுங்க, ஹை பீம்ல ரெண்டு லைட்டுக்கு 10 ஆம்பியர் போற இடத்துல 16, 17 ஆம்பியர் போகும், ரிலே இல்லாம போட்டா ஸ்டீரிங் கிட்ட இருக்கற சுவிட்சே உருகும். அடிக்கடி போற பியூஸுக்கு பதிலா பெரிய பியூஸோ செம்பு கம்பியோ போடறது மட்டும் எந்த காரணத்துக்கும் கூடாது. 15 ஆம்பியர் நீலம், 20 மஞ்சள், 30 பச்சை, நீலம் இருக்க வேண்டிய இடத்துல பச்சை இருந்தா யாரோ ஒரு ஷார்ட்ட மறைச்சு வச்சிருக்காங்க, வண்டி தீப்பிடிக்கறது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

மரத்தடில நிறுத்தறேன்னும் சொன்னீங்க. நம்ம ஊர்ல தூங்குமூஞ்சி மரத்து இலையும் பூவும் வைப்பருக்கு கீழ சல்லடை மாதிரி இருக்கற ஜாலில போய் அடைச்சுக்கும், தண்ணி இறங்கற ஓட்டை அடைஞ்சா மழைத்தண்ணி டாஷ்போர்டு பக்கமா உள்ள வரும். மழைக்காலத்துக்கு முன்னாடி அத கையால அள்ளி ஒரு மக்கு தண்ணி ஊத்தி பாருங்க, கீழ வழியுதான்னு. பேனட்டுக்குள்ள எலி புழுக்கை இருக்கான்னும் பாருங்க.

ஒரு பழக்கத்த மட்டும் யாரையும் பண்ண விடாதீங்க. டைனமோ சார்ஜ் ஆகுதான்னு பாக்க இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினல கழட்டறது. பழைய கார்ப்புரேட்டர் வண்டிலயே அது சரியில்ல, ஈசியூ வண்டில அந்த ஒரு நிமிஷத்துல வோல்டேஜ் எகிறி நல்லா இருக்கற ஈசியூவயே கொன்னுடலாம். இப்ப ஈசியூ போயிடுச்சுன்னு சொன்ன கராஜ்ல யாராவது இப்படி பண்ணாங்களான்னு யோசிச்சு பாருங்க. எர்த் சரி பண்ணாம ஈசியூ வாங்காதீங்க, செகண்ட் ஹேண்ட்னாலும் சரி. எர்த் போட்டு ரெண்டு வாரம் ஓட்டி, பழுது அப்படியே இருந்தா மட்டும் அந்த பேச்சு.

வண்டிய வச்சுக்கலாமாங்கறதுக்கு என் பதில், தகரம் துரு பிடிக்காம, இன்ஜின் புகை தள்ளாம இருந்தா தாராளமா வச்சுக்கலாம். இப்ப இருக்கற தொல்லைக்காக மட்டும் விக்க வேண்டிய அவசியமே இல்ல.

ஆனா அடுத்த வாரம் திருப்பத்தூர், அதுக்கு இப்போதைக்கு வேண்டாம்னுதான் சொல்வேன், இதுல நான் கறாரா இருக்கேன். ஸ்டார்ட் ஆகாம நடு ரோட்ல நிக்கறது பெரிய விஷயமில்ல, யாராவது தள்ளுவாங்க. ஆக்சிலரேட்டர் கேபிள் உருகி, பெடல்லேர்ந்து கால எடுத்தும் திரும்பாம நின்னுச்சுன்னா ஓசூர் தாண்டி ஹைவேல என்ன ஆகும், கூட அம்மாவும் இருப்பாங்க. எர்த் போடற வரைக்கும் ஊருக்குள்ளயும் அவசியத்துக்கு மட்டும் எடுங்க, ராத்திரி வேண்டாம். அப்படி எப்பவாவது ரேஸ் ஏறி இறங்காம போச்சுன்னா கிளட்ச்ச மிதிச்சு நியூட்ரல் பண்ணுங்க, இன்ஜின் கத்தினா கத்தட்டும், பிரேக் போட்டு ஓரமா நிறுத்தினதுக்கு அப்புறம் சாவிய ஆஃப் பண்ணுங்க, ஓடும்போது சாவிய முழுசா திருப்பினா ஸ்டீரிங் லாக் ஆகிடலாம்.

எர்த் போட்டு, கேபிள் மாத்தி, செல்ஃப் அடிக்கும்போது 0.2க்குள்ள வந்து, ராத்திரி லைட் போட்டு முள்ளு அசையாம ஊருக்குள்ள ஒரு வாரம் ஓடினா தாராளமா கிளம்புங்க. போட்டதுக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு ரெண்டு ரீடிங்கும், கழட்டின பழைய ஸ்ட்ராப்போட ஒரு போட்டோவும் அனுப்புங்க. ரீடிங் சரியா வந்தும் இன்ஜின் ஆஃப் ஆனா, கன்சோல் லைட் எரிஞ்சுச்சா அணைஞ்சுச்சாங்கறத மறக்காம சேத்து எழுதுங்க, அங்கேர்ந்து பாப்போம்.